பூநாரை பார்க்கப் போன மாமனார்

எங்கள் வீட்டில் மகளோடு போனில் பேசுவது இப்படித்தான் நடக்கும். அவளுடைய எண்ணுக்கு அழைப்பேன். சில நேரம் மாப்பிள்ளை எடுத்துவிடுவார். "மாமா, நல்லா இருக்கீங்களா?" என்பார். "நல்லா இருக்கேன் மாப்ளே, நீங்க?" என்பேன். "நல்லா இருக்கேன் மாமா. இதோ, அவகிட்ட குடுக்கறேன்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் பேசியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. குறை சொல்கிற அளவுக்குக்கூட அவரை எனக்குத் தெரியாது என்பதுதான் குறை. நான் வந்தால் அவர் எழுந்து நிற்பார். அவர் வந்தால் நான் எழுந்து நிற்பேன். இரண்டு பேரும் நின்றுகொண்டே இருப்போம். யாராவது வந்து எங்களை உட்கார வைத்தால்தான் உண்டு.

அப்போதுதான் இருவரும் கனடா போவதாகச் செய்தி வந்தது. பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் விமானம். போனால் எப்போது வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. மகளைப் பிரிகிற வருத்தம் ஒருபுறம் இருக்க, எனக்கு இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. மகளை யாரிடம் கொடுத்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளாமலே அனுப்பப்போகிறோம். போவதற்குள் ஒரு முறையாவது அந்த மனிதரோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிவிட வேண்டும் என்று நினைத்தேன். என் மனைவியிடம் சொன்னேன்.

"என்ன பேசணும் அவர்ட்ட?"

"சும்மா பேசணும்."

"சும்மா பேச உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

வழியைக் காட்டியது மகள்தான். மாப்பிள்ளைக்குப் பறவை பார்க்கிற பழக்கம் உண்டு. பெங்களூரில் லீவு நாளில் விடிவதற்கு முன்பே எழுந்து ஏதாவது ஏரிக்கரையில் போய் நிற்பாராம். கனடா போவதற்குள் கோடியக்கரைப் பக்கம் பூநாரைகளைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. "நம்ம ஊருலேந்து கிட்டதானேப்பா, நாலு பேருமா போவோம். கடலோரமா ஒரு வீடு வாடகைக்குக் கெடைக்குது" என்றாள். நான் அந்த நிமிடமே சரி என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பறவைகளுக்கும் எனக்கும் ஆகாது. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான் தஞ்சாவூரில் இருந்தாலும், மன்னார்குடிப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு சாகுபடி செய்கிறேன். இப்போதெல்லாம் நேரடி விதைப்பு. விதையைத் தெளித்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினால், மாடப்புறாவும் மைனாவும் அந்தப் பக்கம் பந்தி உட்கார்ந்துவிடும். போதாக்குறைக்கு மயில் வேறு. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் குருவிகள். நான் தகரத்தைத் தட்டியிருக்கிறேன், பளபளக்கும் நாடா கட்டியிருக்கிறேன், தீபாவளிக்கு மிஞ்சிய வெடியைக் கொளுத்தியிருக்கிறேன். எல்லாவற்றையும்விட என் தொண்டைதான் பலன் தந்தது. நான் கை தட்டி ஒரு சத்தம் போட்டால் பக்கத்து வயல்காரர்கள் தங்கள் வயலுக்கும் சேர்த்து நன்றி சொல்வார்கள். ஆக, பறவை என்றால் விரட்டப்பட வேண்டிய ஒன்று என்று மட்டுமே தெரிந்த நான் பறவை பார்க்கக் கிளம்பினேன்.

தயாரிப்பில் குறை வைக்கவில்லை. பைனாகுலர் ஒன்று வாங்கினேன். அதை எப்படித் திருகினாலும் என் கண்ணிமை முடிதான் பெரிதாகத் தெரிந்தது. போனில் பூநாரையைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்து, பேச்சுக்கு ஆகும் விஷயங்களை மனப்பாடம் செய்தேன். பரீட்சைக்குப் படிப்பதுபோல் உதட்டை அசைத்துப் படித்ததைப் பார்த்து மனைவி, "பொண்ணு பாக்க வந்தப்ப எங்கிட்ட பேசுறதுக்கு இதுல பாதி படிச்சிருக்கலாம்" என்றாள்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் காரில் கிளம்பினோம். மாப்பிள்ளைதான் ஓட்டினார். முன் சீட்டில் என்னை உட்காரச் சொன்னார்கள். மன்னார்குடி தாண்டும்வரை பேச்சைத் தொடங்க நல்ல இடம் தேடிக்கொண்டிருந்தேன். திருத்துறைப்பூண்டி வந்தபோது, "ரோடு நல்லா போட்டிருக்கான்" என்றேன். "ஆமா மாமா" என்றார். வேதாரண்யம் வரை அது போதுமானதாக இருந்தது.

வீடு நன்றாகவே இருந்தது. துபாயில் பல வருடம் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர், தன் குடும்பம் காற்று வாங்குவதற்காகக் கட்டிய வீடு. பிள்ளைகளெல்லாம் ஆளுக்கொரு நாட்டில் இருப்பதால் இப்போது விருந்தாளிகளுக்குக் கொடுக்கிறார். அவரும் அவர் மனைவியும் பின்கட்டில் இருந்துகொண்டு சமைத்தும் போடுகிறார்கள். "வாங்க சார், வாங்கம்மா, ஒங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க" என்று அவர் மாடியைக் காட்டினார். இரண்டு அறைகள். ஒன்றில் ஜன்னலைத் திறந்தால் கடல். மற்றதில் ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி.

"மாமா, நீங்க கடல் ரூம் எடுத்துக்கங்க."

"சேச்சே, நீங்க சின்னஞ்சிறுசுங்க. நீங்க எடுத்துக்கங்க மாப்ளே."

"இல்ல மாமா, பெரியவங்க நீங்க இருக்கறப்ப..."

இப்படியே போனது. ஒரு கட்டத்தில் நான் என் பையைத் தொட்டி அறையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்துவிட்டு வந்தால் அவர் பையும் அங்கேதான் இருந்தது. கடைசியில் பெண்கள் இருவரும் கடல் அறையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். மாமனாரும் மாப்பிள்ளையும் தொட்டியைப் பார்த்தபடி ஒரே அறையில் தங்கும்படி ஆயிற்று. எங்களில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு பேருமே, "இதுதான் சவுகரியம்" என்று சொல்லிக்கொண்டோம்.

சாயங்காலம் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் இஞ்சி தட்டிப்போட்ட டீயும் சூடாக வாழைக்காய் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தார். இதைவிட நல்ல நேரம் வராது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"காத்து நல்லா வருதுல்ல மாப்ளே?"

"ஆமா மாமா. நல்ல காத்து."

"கடல் காத்து."

"ஆமா மாமா."

சற்று நேரம் காற்று வந்தது. நான் மனப்பாடத்தை எடுத்தேன். "பூநாரை தலையக் கவுத்துக்கிட்டுதான் சாப்புடுமாமே?" அவர் முகம் மலர்ந்தது. "ஆமா மாமா" என்றார். அதற்கு மேல் எனக்குப் பாடம் இல்லை. அவரும் மேலே சொல்வது மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, பஜ்ஜித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் அவர் பக்கம் நகர்த்தினேன். கடைசி பஜ்ஜி காற்றில் ஆறிப்போனது. கீழே மனைவியும் மகளும் வீட்டுக்காரரின் மனைவியோடு சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது.

மறுநாள் விடிகிற நேரத்தில் நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். பெண்கள் தூங்கட்டும் என்று விட்டுவிட்டோம். கடற்கரைக்குப் பின்புறம் கண்ணுக்கெட்டியவரை உவர்ச் சேறும் கணுக்கால் தண்ணீரும். அதன் கரையில் கருவேலம் புதர் ஒன்றின் பின்னால் மாப்பிள்ளை சாக்கை விரித்தார். கேமராவை முக்காலியில் நிறுத்தினார். எங்களுக்கு இடது கைப்பக்கம், மேட்டில், வானத்தை நம்பி யாரோ விதைத்திருந்த ஒரு துண்டு வயல். நல்ல பழுப்பு. அறுவடைக்கு இன்னும் சில நாள்தான் இருக்கும். கதிர் மணி பிடித்திருந்த அழகைப் பார்த்து நான் மனதுக்குள் அந்த முகம் தெரியாத மனிதரைப் பாராட்டினேன்.

"அசையாம இருங்க மாமா. பேச வேணாம்" என்று மாப்பிள்ளை கிசுகிசுத்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. பேசாமல் இருப்பதுதானே எங்களுக்கு நன்றாக வரும்.

பூநாரைகள் முதலில் தூரத்தில் ஒரு வெளுத்த கோடாகத்தான் தெரிந்தன. தலையைத் தண்ணீரில் கவிழ்த்து, காலை மெல்ல மாற்றி வைத்து, மேய்ந்தபடியே எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தன. வெயில் ஏற ஏற இன்னும் கிட்டே வந்தன. பைனாகுலர் இல்லாமலே கழுத்து வளைவு தெரிந்தது. எனக்குக் கால் மரத்துவிட்டது, கொசு பிடுங்கியது, ஆனாலும் அசையவில்லை. மாப்பிள்ளை மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் வந்தால் போதும் என்பதுபோல் ஒரு விரலைத் தூக்கி எனக்குக் காட்டினார். அந்த ஒரு விரலில் என்னையும் சேர்த்துக்கொண்டார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் குருவிக்கூட்டம் ஒன்று தலைக்கு மேலாக வந்து அந்த நெல் வயலில் இறங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததில் என் மூளைக்குப் பங்கில்லை. நான் எழுந்து நின்றிருந்தேன். கை தானாகத் தட்டியது. "ஹோ! ஹோ! ஹோய்!" என்று மன்னார்குடி வரை கேட்கும்படி ஒரு சத்தம் என் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. குருவிகள் எழுந்தன. குருவிகளோடு உள்ளான், கொக்கு, பெயர் தெரியாத இன்னும் என்னென்னவோ எழுந்தன. அதன்பின், மொத்தச் சதுப்பும் ஒரே நேரத்தில் எழுந்ததுபோல், அத்தனை பூநாரைகளும் ஓடி, இறக்கையை விரித்து, மேலே போய்விட்டன. வெளுப்பாக நின்ற பறவையின் இறக்கைக்குள் அப்படி ஒரு சிவப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டின கை இன்னும் தட்டின நிலையிலேயே இருந்தது.

திரும்பினால் மாப்பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா பண்ணீங்க? என்ன பண்ணீங்க நீங்க? யாராவது கத்துவாங்களா? அறிவிருக்கா ஒங்களுக்கு?"

"இல்ல மாப்ளே, நெல்லு..."

"என்ன நெல்லு? யாரோட நெல்லு? நாம என்ன நெல்லுக்குக் காவலா வந்திருக்கோம்? மூச்ச அடக்கி உக்காந்திருக்கேன், இன்னும் பத்து அடி வந்திருந்தாப் போதும். இனிமே எப்ப பாப்பேன் நான் இத? சொல்லுங்க, எப்ப பாப்பேன்?"

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு மனிதன் நாட்டைவிட்டுப் போகும் முன் ஆசைப்பட்ட ஒன்றை நான் கைதட்டி விரட்டியிருக்கிறேன். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வெட்கத்தைவிட்டு இன்னொன்றையும் சொல்கிறேன். அவர் திட்டத் திட்ட, எனக்கு உள்ளே எங்கோ குளுகுளுவென்று இருந்தது. அவர் தன் அப்பாவோடு போனில் பேசுவதை ஒருமுறை கேட்டிருக்கிறேன். மாத்திரை சாப்பிடாததற்காக அந்த மனிதரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கு அவருடைய அப்பாமேல் பொறாமையாக இருந்தது. இந்தக் காலையில், நல்லா இருக்கீங்களா என்ற கேள்வி இல்லாமல், மாப்பிள்ளை முதல்முறையாக என்னோடு பேசிக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் திட்டுவாரா என்று காத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செய்தி பரவியது. மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஊரான் நெல்ல யாரு திங்கிறான்னு பாக்கவா மெனக்கெட்டு இவ்வளவு தூரம் வந்தீங்க?" மகள் என்னைக் கொஞ்சம் திட்டிவிட்டு, புருஷனைத் தனியாகக் கூப்பிட்டு நிறையத் திட்டினாள். அது எனக்குத் தெரிந்தது எப்படியென்றால், சற்று நேரத்தில் மாப்பிள்ளை முகம் கழுவிக்கொண்டு மாடிக்கு வந்து, என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாமா, காலைல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்புதான். மன்னிச்சுக்கங்க."

பழைய மாப்பிள்ளை திரும்பி வந்துவிட்டார். பழக்க தோஷத்தில் நானும் எழுந்து நின்றுவிட்டேன். இப்படியே நின்றபடியே இவர் விமானம் ஏறிவிடுவார் என்று தோன்றியதும் எனக்குச் சட்டென்று கோபம் வந்தது.

"மன்னிப்பெல்லாம் வேணாம் மாப்ளே. காலைல பேசினீங்கள்ல, அதே மாதிரி பேசுங்க."

"மாமா?"

"திட்டுங்க. நான் செஞ்சதுக்குத் திட்டாம என்ன செய்வீங்க? ஆனா முழுசாத் திட்டுங்க. பாதில விட்டுட்டு வந்து கையக் கட்டிக்கிட்டு நிக்காதீங்க."

அவர் என்னையே பார்த்தார். விளையாடுகிறேனோ என்று என் முகத்தில் தேடினார். பிறகு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, நான் உட்காருவதற்கு முன்பே உட்கார்ந்தார்.

"அப்ப சொல்லிடறேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சர்ச்சுக்குப் போற மாதிரி பளிச்சுனு வந்து நின்னீங்கள்ல, அதுலயே பாதிப் பறவ ஒதுங்கிப்போச்சு. சட்டைல ஜவ்வாது வேற. செருப்பு சரக்கு சரக்குனு. நானும் எப்படிச் சொல்றதுன்னு..."

"சொல்ல வேண்டியதுதானே?"

"மாமனார்கிட்ட எப்படி மாமா சொல்றது?"

"சரி, அந்தக் குருவிங்க? கதிரு விளைஞ்சு நிக்குது. அத உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

"குருவி எவ்வளவு மாமா தின்னுடும்?"

"எவ்வளவு தின்னுடுமா? வந்து விதைச்சுப் பாருங்க, அப்பத் தெரியும்! கம்ப்யூட்டர்ல முளைக்குதா நெல்லு?"

"அதுக்காக எல்லாத்தையும் வெரட்டிட்டா அப்பறம் பூச்சிய யாரு திங்கறது? மருந்தடிப்பீங்க. அதானே செய்றீங்க!"

சத்தம் ஏறிக்கொண்டே போனது. டீ கொண்டுவந்த வீட்டுக்காரர் படியில் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தட்டோடு அப்படியே இறங்கிப் போனார். கீழே போய், "மாடில ஏதோ பிரச்சின போலருக்கும்மா" என்று என் மனைவியிடம் சொன்னாராம். அவள் ஓடிவந்தபோது நான், மயில் மட்டும் இன்னொரு தடவை என் வயலுக்கு வந்தால் என்ன செய்வேன் என்று நாற்காலியைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை, மயிலை ஒன்றும் செய்ய முடியாது, சட்டப்படி உள்ளேதான் போக வேண்டும் என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் கடந்தும் நாங்கள் இறங்கவில்லை. கொடுவா மீன் குழம்பு ஆறிவிட்டது என்று மகள் இரண்டு முறை வந்து கூப்பிட்டாள்.

மறுநாள் விடிகாலை, கிளம்பும் நேரத்தில், அவர் தன் பையிலிருந்து சேற்று நிற டி-ஷர்ட் ஒன்றை எடுத்து என்மேல் வீசினார். "இதப் போட்டுட்டு வந்தா வாங்க. இல்லன்னா படுத்துத் தூங்குங்க." தீபாவளிக்குத் தீபாவளி அவருக்கு நான் துணி எடுத்துக் கொடுத்ததுண்டு. அவர் துணியை நான் போட்டது அன்றுதான். தலை நுழைந்தது, வயிறு நுழையத்தான் நேரமானது. பின்கட்டு வாசலில் நின்ற வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

அதே புதர், அதே சாக்கு. பூநாரைகள் முந்தின நாளைப் போல இல்லாமல் மிகத் தூரத்திலேயே நின்றன. காத்திருந்தோம். வெயில் மேலேறியதும் அவை மெதுவாக அசைய ஆரம்பித்தன. எங்கள் பக்கம்தானா என்று சொல்ல முடியவில்லை.

குருவிகள் மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தன.

அவை வயலில் இறங்குவதற்குள் மாப்பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்தார். கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பழகின கையைப் பிடிப்பதுபோல் இடது கையால் என் வலது கையை இறுக்கிப் பிடித்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். கல்யாண மேடையில் தாரை வார்த்த அன்று இந்தக் கை என் கைக்குள் இருந்தது. அன்று அது வேர்த்து நடுங்கியது நினைவுக்கு வந்தது. அன்று என் கையும் நடுங்கியதால் யாருடைய நடுக்கம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

சற்று நேரம் கழித்து, பூநாரைகளைப் பார்த்தபடியே, மெல்லிய குரலில் பேசினார்.

"மாமா, எனக்கு அங்க போறதுக்குப் பயமா இருக்கு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை.

"வேல எப்படி இருக்குமோ தெரியல. இருக்கறத விட்டுட்டுப் போறேன். சரியா வரலன்னா அவள எங்க கூட்டிட்டுப் போய் நிக்கறதுன்னு... ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. அவகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்றேன். வேறு ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்க வேண்டும். மனப்பாடம் செய்தது எதுவும் இதற்கு ஆகவில்லை. "சரியா வரலன்னா இங்க வந்துடுங்க. நான் இருக்கேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிடித்த கையை விடவில்லை. இடதுபுறம் அந்த அருமையான வயலில் குருவிகள் கதிருக்குக் கதிர் தாவித் தாவித் தின்றுகொண்டிருந்தன. நெல் உதிர்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.